எங்கள் ஊர் டேங்கின் உள்பாகம்

எங்கள் ஊரில் திருட்டே கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் நினைவு நாளன்று, முச்சந்தியில் நிற்கும் பீரங்கி டேங்கின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு அத்தை இதை மைக்கில் சொல்வாள். "இத்தனை வருஷமா நடுத்தெருவுல நிக்குது. இதுல ஒரு ஆணியைத் தொட்டவன் உண்டா?" என்று கேட்பாள். ஊரே ஒரே குரலில் "இல்லை" என்று சொல்லும். அந்தக் குரலில் லேசான ஒரு கரகரப்பு இருக்கும். அதை உணர்ச்சிப் பெருக்கு என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

சண்டை முடிந்து திரும்பும் வழியில் முச்சந்தியில் நின்றுபோன டேங்க் அது. பட்டாளத்துக்காரர்கள் உதைத்தும் திட்டியும் பார்த்திருக்கிறார்கள். அசையவில்லை. "நீங்களே வச்சுக்குங்க" என்று லாரி ஏறிப் போய்விட்டார்கள். அதன் முன்னால் நட்ட கல்லில் 'அன்பளிப்பு' என்று வெட்டியிருக்கிறது.

டேங்கின் இடது விலாவில், எங்கள் ஊரிலிருந்து அந்தச் சண்டைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் வெள்ளை எழுத்தில் இருக்கும். நினைவு நாளுக்கு முன்பு மெல்லிய தூரிகையால் அத்தைதான் அவற்றைப் புதுப்பிப்பாள். மூன்றாவது பெயர் அவளுடைய அண்ணன், நான் பார்த்திராத என் பெரியப்பா. அவர் உடல் வரவில்லை. டிரங்குப் பெட்டி மட்டும் வந்தது. கல்லறை இல்லாததால் அத்தைக்கு அண்ணன் இருக்கும் இடம் அந்த மூன்றாவது வரிதான். கடைக்குப் போகும்போது அதன்மேல் ஒரு தட்டு. திரும்பும்போது இன்னொரு தட்டு, கூடவே கத்தரிக்காய் விலை பற்றி ஒரு புகார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து போன் வந்தது. ஊர் ஊராக நிற்கும் பழைய டேங்குகளைப் பார்வையிடுகிறார்களாம். உள்ளும் புறமும் முழுசாக இருப்பவை அங்கங்கேயே நிற்கலாம். பாகங்கள் போனவற்றைத் தூக்கி வந்து, சுரண்டி, பழைய பச்சை நிறம் பூசி, அருங்காட்சியகத்தில் வைப்பார்களாம்.

"பேர் எழுதியிருக்கே?" என்றாள் அத்தை.

"எல்லாப் பெயிண்டையும் எடுத்துடுவோம்மா. ஒரிஜினலா இருக்கணும் இல்லையா?"

அத்தை போனை வைத்தாள். "வெள்ளிக்கிழமை ஒரு மேடம் வருதாம். வந்து பாக்கட்டுமே! நம்ம டேங்குக்கு என்ன குறை?" என்று இடுப்பிலிருந்த சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். மேல்மூடியின் பூட்டுச் சாவி. நினைவுக் கமிட்டியின் தலைவி அவள். நான் செயலாளர். கல்லூரி விடுமுறையில் வந்து மதியம் வரை தூங்குபவனுக்கு ஊர் கொடுத்த தண்டனை அது. "உள்ள போய் ஒட்டடை அடிச்சுட்டு வா."

துடைப்பத்தோடு மேலே ஏறினேன். பூட்டு முனகிக்கொண்டே திறந்தது. தலையை உள்ளே விட்டேன்.

"அத்தை, உள்ள ஒண்ணுமே இல்ல."

"இருட்டா இருக்கும்டா. கண்ணை நல்லாத் திற."

"இருட்டாவே இல்ல அத்தை. கீழ புல்லு தெரியுது."

டேங்கின் வயிற்றில், ஆபத்தில் தப்பிக்க ஒரு கீழ்க்கதவு வைப்பார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஊருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மூடி இல்லை. இருக்கை இல்லை, விளக்கு இல்லை, சக்கரம் இல்லை, கைப்பிடி இல்லை. ஒரு தவளை மட்டும் இருந்தது. அதுவும் கிளம்பும் எண்ணத்தில்தான் இருந்தது.

நான் இறங்கி, துடைப்பத்தோடு முச்சந்தியைச் சுற்றிப் பார்த்தேன். பிறந்து வளர்ந்த தெரு புதிதாகத் தெரிந்தது. சலூனில் முதல் முடிவெட்டிலிருந்து நான் உட்கார்ந்து அழுத அந்தச் சுழல் நாற்காலி ஏன் இவ்வளவு கனம் என்று அப்போது புரிந்தது. தையல் கடை இயந்திரத்தில் மட்டும் ஏன் இவ்வளவு பெரிய இரும்புச் சக்கரம்? தலைமை ஆசிரியர் வீட்டு மொட்டை மாடியில், உட்கார்ந்தபடியே தெருக்கோடி வரை பார்க்கும் அந்தக் கண்ணாடிக் குழாய் எந்த நாட்டு அறிவியல் கருவி?

அத்தையும் என் பார்வை போன வழியே பார்த்தாள். அவள் முகம் அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி மெல்ல மெல்லச் சூடேறியது.

நேராகச் சலூனுக்குப் போனாள். சலூன்காரர் ஒருவர் கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தார்.

"இந்த நாற்காலி ஏதுப்பா?"

"எங்கப்பா வாங்கினதுக்கா. வெளிநாட்டுச் சரக்கு."

"எந்த வெளிநாடு?"

"அது... சண்டைக்கு வந்த நாடு" என்றார் சலூன்காரர். பொய் சொல்ல முயன்று பாதி வழியில் களைத்துப்போன குரல். நுரை முகத்தவர் எழுந்து துண்டோடு ஓடிவிட்டார்.

அன்று மாலை கமிட்டி கூடியது. அத்தை உட்காரவே இல்லை. "எவன் எவன் கை வச்சானோ, அவன் இனிமே நினைவு நாள்ல அந்தப் பேருங்க முன்னாடி வந்து நிக்கக் கூடாது. அவ்வளவுதான். செத்தவங்களோட வீட்டுல பூந்து தூக்கியிருக்கீங்க. வெக்கமா இல்ல?" என்றாள். யாருடைய மனக்கணக்கிலும் திருடன் ஒரே ஒருவன்தான், அது தான்தான். மற்றவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். என்ன ஒரு நம்பிக்கை! அதுதான் எங்கள் ஊரின் ஒற்றுமைக்கு அடித்தளம்.

துணைத் தலைவரான தலைமை ஆசிரியர் தொண்டையைக் கனைத்தார். "கோபப்பட்டா பொருள் திரும்பி வராதும்மா. எடுத்தவனுக்கு ஒரு கௌரவமான வழி வேணும். நாளைக்கு மதிய பஸ் போனதுலேருந்து சாயங்கால பஸ் வர்ற வரைக்கும் ஊர்ல எல்லாரும் கதவு ஜன்னல் சாத்திக்கிட்டு உள்ளேயே இருக்கட்டும். யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. எடுத்தவன் மட்டும் வந்து வச்சுட்டுப் போகட்டும்."

"ஆகா, நல்ல யோசனை" என்றது கமிட்டி. அவ்வளவு வேகமாக, அவ்வளவு ஒருமனதாக எந்தத் தீர்மானமும் அங்கே நிறைவேறியதில்லை.

மறுநாள் மைக்செட்காரர் ஒலிபெருக்கி கட்டினார். நான் அறிவித்தேன். மதிய பஸ் போனது. கதவுகள் பட் பட் என்று சாத்திக்கொண்டன. ஊர் அப்படி அமைதியாகி நான் பார்த்ததில்லை. அத்தையும் நானும் அவள் வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"டேய், லேசா ஒரு விரல் அளவுக்குத் திறந்து பாரேன்."

"கமிட்டி முடிவு அத்தை."

"நான்தானே கமிட்டி?"

திறப்பதற்குள் வெளியே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கணீர் என்று, கோயில் மணியைக் கீழே போட்டதுபோல. பிறகு ஒருவர் "அம்மா, கால்!" என்று அலறியது கேட்டது. அத்தை எழுந்து ஓடினாள். நான் செயலாளர் என்ற முறையில் பின்னால் ஓடினேன்.

முச்சந்தியில் ஊரே இருந்தது.

ஊரே என்றால் ஊரேதான். மற்ற எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருக்கும்போது நான் மட்டும் நைஸாகப் போய் வைத்துவிட்டு வந்துவிடுவேன் என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நினைத்திருக்கிறார்கள். சலூன்காரர் முகம் தெரியக் கூடாதென்று நாற்காலியைத் தலைகீழாகத் தலையில் கவிழ்த்திருந்தார். வழி தெரியாமல் தையல்காரர் மேல் மோதியதில், தையல்காரர் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்த சக்கரம் அவர் காலிலேயே விழுந்திருந்தது. தலைமை ஆசிரியர் கண்ணாடிக் குழாயைக் குடைக்குள் செருகி, வெயிலே இல்லாத நாளில் பிடித்துக்கொண்டு நின்றார். மைக்செட்காரர் கழுத்தில் ஒரு ஹெட்செட் தொங்கியது. யாரோ ஒருவர் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை மூடியிருந்த இரும்பு மூடியை உருட்டிக்கொண்டு வந்து, கீழ்க்கதவு இருக்கும் இடத்துக்கு நேராக நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"சும்மா... காத்து வாங்கலாம்னு" என்றார் தலைமை ஆசிரியர்.

"நான் வேடிக்கை பாக்கத்தான் வந்தேன்" என்றது நாற்காலிக்குள்ளிருந்து ஒரு குரல்.

கூட்டத்தின் ஓரத்தில் தபால்காரர் ஒரு கோடாலியோடு நின்றார். எங்கள் ஊரிலேயே நேர்மையானவர். அவரைப் பார்த்து அத்தைக்கே அதிர்ச்சி.

"நீங்களுமாண்ணே?"

"இல்லம்மா. நான் எதுவும் எடுக்கல. ஆனா எல்லாரும் ஏதோ எடுத்துக்கிட்டு ஓடுறதை ஜன்னல் வழியாப் பாத்தேன். நான் மட்டும் ஒண்ணும் குடுக்காம இருந்தா நல்லாவா இருக்கும்? வீட்டுல இரும்புன்னு இதுதான் இருந்துச்சு."

அத்தை எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். திட்ட ஆரம்பித்தாள். அந்தத் திட்டின் தரம் பற்றி நான் இங்கே எழுத முடியாது. கல்லூரியில் எனக்குத் தமிழ் எடுக்கும் பேராசிரியர் கேட்டிருந்தால் குறிப்பெடுத்திருப்பார். திட்டு முடிந்ததும் மூச்சு வாங்கினாள். "மாட்டுங்கடா!" என்றாள்.

அதன் பிறகு நடந்ததுதான் வேலை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கழற்றியவனுக்கும் அவன் பிள்ளைக்கும் எந்த ஆணி எங்கே என்று தெரியாதா? சலூன்காரர் கண்ணை மூடிக்கொண்டே நாற்காலியைப் பொருத்தினார். "எங்கப்பா இருட்டுலதான் கழட்டினாராம், எனக்கும் அப்படியே சொல்லிக்குடுத்தார்" என்றார் பெருமையாக. தையல்காரர் நொண்டிக்கொண்டே ஏறி, பீரங்கிக் குழாயைத் திருப்பும் சக்கரத்தைப் பூட்டி, தையல் எண்ணெயைப் பல்சக்கரங்களில் தாராளமாக ஊற்றினார். ஒருவர் உள்ளேயிருந்து "ஸ்பேனர்!" என்றால் வெளியே பத்துக் கைகள் நீண்டன. பெண்கள் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். யாரோ தவளைக்கு மாற்று வீடு பார்த்துக் கொடுத்தார்கள்.

"இப்ப சக்கரத்தைச் சுத்திப் பாக்கவா?" என்று உள்ளிருந்து கேட்டார் தையல்காரர்.

"சுத்துய்யா!" என்றது ஊர்.

க்ர்ர்ர் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு, எங்களில் பாதிப் பேர் பிறப்பதற்கு முன்பிருந்தே தலைமை ஆசிரியர் வீட்டு வாசலைக் குறிபார்த்துக்கொண்டிருந்த பீரங்கிக் குழாய், தூக்கத்தில் புரண்டு படுப்பவர்போல மெல்ல அசைந்தது.

"அசையுது! டேங்கு அசையுது!"

குழாய்க்குள்ளிருந்து குருவிகள் சர்ரென்று பறந்தன. குழாயின் நுனிக்கும் தபால் நிலையத் தூணுக்கும் நடுவே எப்போதும் ஒரு துணிக்கொடி கட்டியிருக்கும். யார் கட்டியது என்று யாரும் கேட்டதில்லை. குழாய் மேலும் மேலும் திரும்ப, அந்தக் கொடி வீணைத் தந்திபோல் விறைத்தது. அதில் காய்ந்துகொண்டிருந்த பனியன்களும் போர்வைகளும் ஒரு துள்ளு துள்ளின. 'டங்'கென்று கொடி அறுந்தது. தலைமை ஆசிரியரின் கோடுபோட்ட உள்ளாடை வானில் பறந்து சலூன் பெயர்ப்பலகையில் போய் உட்கார்ந்தது. ஊர் விசிலடித்தது. எதிரில் நின்றவர்கள், குண்டு இல்லை என்று தெரிந்தும், குழாய் தங்கள் பக்கம் வந்தபோது குனிந்தார்கள். ஒவ்வொரு வீட்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, குழாய் அத்தைக்கு நேராக வந்து நின்றது.

அத்தை மட்டும் குனியவில்லை. சிரிக்கவும் இல்லை. அதை அப்போது நான் கவனித்தேன், காரணம் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். கறாரான ஒருவரை எதிர்பார்த்திருந்தோம். வண்டியிலிருந்து குதித்து இறங்கியவர், டேங்கைப் பார்த்ததும் கைப்பையை என்னிடம் எறிந்துவிட்டு ஏறிவிட்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஐயோ, பெரிஸ்கோப் இருக்கு! விளக்கு இருக்கு! எங்க மியூசியத்துல நிக்கிறதுல கூட இது கிடையாது தெரியுமா? துரு ஒரு பொட்டு இல்ல. எப்படி இப்படி வச்சிருக்கீங்க?"

"பத்திரமா வீட்ல..." என்று ஆரம்பித்த சலூன்காரரின் காலைத் தையல்காரர் மிதித்தார். தன் அடிபடாத காலால்.

"சீட்டுல தலை சாய்க்க ஒரு பலகை இருக்கே?"

"அது சேர்த்தது மேடம்" என்றேன். "நாங்க குறைச்சது எதுவுமில்ல, கூட்டினதுதான் உண்டு."

"கோடாலி?"

"அதுவும்."

மேடத்தின் தலை மேலே வந்தது. கன்னத்தில் தையல் எண்ணெய். முகத்தில் மட்டும் சின்ன வாட்டம். "எல்லாம் இருக்கு. டிரைவர் ஹெட்செட் கூட இருக்கு. மேல நிக்கிற கமாண்டரோடது மட்டும் காணோம். ரெண்டும் ஜோடி. அது இல்லாம முழுசுன்னு நான் எப்படிச் சொல்றது?"

எல்லாரும் மைக்செட்காரரைப் பார்த்தார்கள். "சத்தியமா நான் ஒண்ணுதான் எடுத்தேன்! ரெண்டு காது இருக்கேன்னு ரெண்டு எடுப்பேனா?" என்று அவர் கத்தினார். சலூன்காரரைப் பார்த்தார்கள். தபால்காரரைக்கூடப் பார்த்தார்கள், பாவம். "யாருய்யா அது? இப்பவாவது சொல்லித் தொலைங்களேன். பேரெல்லாம் சுரண்டிடுவாங்கய்யா!" என்று சலூன்காரர் உண்மையாகவே கெஞ்சினார்.

அத்தை திரும்பி வீட்டை நோக்கி நடந்தாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று எல்லாரும் நினைத்தோம்.

திரும்பி வந்தபோது அவள் கையில் துண்டில் கட்டிய ஒரு மூட்டை இருந்தது. பிரித்தாள். கறுப்புத் தோல் வைத்த ஹெட்செட். தோல் பளபளவென்று இருந்தது. கமாண்டர் வைத்திருந்தால்கூட அதற்கு அவ்வளவு எண்ணெய் போட்டிருக்க மாட்டார்.

ஊரே அவளைச் சுற்றி நெருங்கி வந்தது.

"நான்தான்" என்றாள் அத்தை. "அப்ப சின்னப் பொண்ணு. அண்ணன்கிட்டேருந்து தகவல் இல்ல. பட்டாளத்துல இதுலதான் பேசிக்குவாங்கன்னு யாரோ சொன்னாங்க. சாயங்காலம் ஆனா இதுல ஏறி உக்காந்து மாட்டிக்கிட்டுக் கேப்பேன். அப்புறம் அந்தப் பெட்டி வந்துச்சு. எல்லாரும் அழுதாங்க. நான் இதைக் கழட்டி எடுத்துக்கிட்டு மேல பூட்டைப் போட்டுட்டேன். வீட்ல வச்சும் கேட்டுப் பாத்தேன்." தோலைக் கட்டைவிரலால் தடவினாள். "ஒண்ணும் பேசல. அவன் எப்பவுமே அப்படித்தான், கூப்பிட்டா ஒரு தடவையில பதில் சொல்ல மாட்டான்."

அத்தை தலையை நிமிர்த்தினாள். "கை வச்சவன் அந்தப் பேருங்க முன்னாடி நிக்கக் கூடாதுன்னு சொன்னேன். இந்த வருஷம் நான் நிக்கல. இதை மாட்டுங்க. பேர் மட்டும் இருக்கட்டும்."

சலூன்காரர் முன்னால் வந்தார். "என்னக்கா பேசுறீங்க? நான் இதை வச்சு ஊர் தலையையெல்லாம் வழிச்சேன். நீங்க கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க? இதெல்லாம் ஒரு கணக்கா?"

"அப்ப நீயும் நிக்கலாம்கிறியா?" என்றாள் அத்தை, அந்த நிலையிலும் சுதாரித்து.

"நான் ஓரமா நின்னுக்குறேன்."

மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "முழுசா இருக்கு. இங்கேயே நிக்கட்டும். ஒரே ஒரு விஷயம், தயவுசெஞ்சு அந்தக் கீழ்க்கதவை வெல்டிங் வச்சு அடைச்சுடுங்க!"

பிறகு கிளம்பிய சத்தத்தில் தபால் நிலையத்தின் ஓடு ஒன்று நகர்ந்துவிட்டது. ஓடியவர்கள், கட்டிப் பிடித்தவர்கள், பஸ்ஸை நிறுத்தி விஷயத்தைச் சொன்னவர்கள், விஷயம் புரியாமல் பஸ்ஸிலிருந்து இறங்கி ஆடியவர்கள் என்று ஒரே அமளி. நின்ற பஸ்ஸிலிருந்து மைக்செட்காரர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்ததை டிரைவர் தாமதமாகத்தான் பார்த்தார்.

"எதையும் எடுக்காம உங்க ஊர்க்காரங்களுக்கு இருக்கவே முடியாதா?"

"இரவல்தாண்ணே! ஜோடி சேந்துடுச்சில்ல, பேசுதான்னு பாத்துடலாம்!"

பேட்டரிக் கம்பிகளை டேங்கின் உள்ளே கவ்வவிட்டார். பொறி பறந்தது. "எனக்கு ஒண்ணும் ஆகல" என்று அவரே அறிவித்தார். டேங்குக்குள் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஊர் இன்னொரு தடவை அலறியது.

அத்தையைத் தூக்கிக் கமாண்டர் இடத்தில் நிறுத்தி, அவள் கொண்டுவந்த ஹெட்செட்டை அவளுக்கே மாட்டிவிட்டார்கள். செயலாளர் என்ற முறையில் நான் கீழே இறங்கிச் சலூன் நாற்காலியில் சாய்ந்து, டிரைவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். காதை மூடியதும் வெளியே இருந்த அத்தனை ஆரவாரமும் கிணற்றுக்குள் போய்விட்டது. முதலில் கொரகொரவென்று ஒரு சத்தம். அப்புறம் வெறும் இரைச்சல். அதற்கு நடுவே, என் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவதுபோல, ஒரு குரல்.

"ஹலோ?"

என் கையில் முடியெல்லாம் எழுந்து நின்றது. சொல்வதற்கு நல்ல நகைச்சுவையாக மூன்று வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"யாரோ மூச்சு விடுற சத்தம் கேக்குது" என்றாள் அத்தை.

"நான்தான் அத்தை."

"தெரியும்டா" என்றாள். "கொஞ்ச நேரம் பேசாம இரு."

இருந்தேன். மூச்சு மட்டும் விட்டேன், கொஞ்சம் சத்தமாக.